சுற்றுச்சுவரில் பிளந்த சட்டம்

2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் ஒரு தொட்டிச் சுவர் இடிந்தது. தோல் ஆலைகளின் கழிவுநீரை ஒன்றுசேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டி அது. உடைத்துக்கொண்டு வந்த கசடு பக்கத்துத் தோல் ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதைத் தொழிற்சாலை விபத்து என்பதா, சுற்றுச்சூழல் விபத்து என்பதா? அந்தச் சுத்திகரிப்பு நிலையமே சூழல் சட்டத்தின் பிள்ளை. பாலாறும் அதன் நிலத்தடி நீரும் தோல் கழிவால் கெட்டுப்போனதைக் கண்டு, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஐயம் இருந்தாலே முன்னெச்சரிக்கை வேண்டும் என்னும் இரண்டு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் தோல் பதனிட முடியாது என்ற நிலையை அதுதான் உறுதிப்படுத்தியது. ஆற்றுக்குப் போகாத கசடு எங்காவது தங்கித்தானே ஆக வேண்டும்? தொட்டியில் தங்கியது. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் தரத்தை அளக்க ஒரு வாரியம் இருக்கிறது. தொட்டிச் சுவர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது அந்த அளவுகோலில் ஏறாது.

ஓர் ஆலையை இந்தியச் சட்டம் அதன் சுற்றுச்சுவரை வைத்து இரண்டாகப் பிளந்திருக்கிறது. சுவருக்கு உள்ளே நிற்பவர் தொழிலாளி. அவருடைய பாதுகாப்பு தொழிலாளர் துறையின் கவலை. வெளியே இருப்பவை நீர், காற்று, மண். அவை மாசு கட்டுப்பாடு வாரியத்தின் கவலை. பெரிய விபத்துகள் நடப்பதோ இந்த இரண்டு கவலைகளும் சந்திக்காத இடத்தில். நம்மிடம் விதிகள் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கிடையே கிடக்கும் இடைவெளிதான் என் பொருள்.

இந்தப் பிளவு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1881-இல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலும் பஞ்சாலைகளில் உழைத்த குழந்தைகளைப் பற்றியது. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், இயந்திரத்துக்கு வேலி, கூடத்துக்குக் காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை என்பவற்றோடு 12-ஆம் பிரிவும் இருந்தது. கழிவுகளையும் கழிவுநீரையும் முறையாக அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலை ஆய்வாளரின் பார்வை சாக்கடை வரைக்கும் போக அந்தச் சட்டம் இடம் தந்தது. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தபோது, வடிகாலும் புகைபோக்கியும் புதிதாகப் பிறந்த வாரியங்களிடம் போயின. தமிழ்நாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. 12-ஆம் பிரிவு ஏட்டில் இருந்தது. அதைப் பார்க்கும் கண்தான் இடம் மாறிவிட்டது.

இந்த வாரியங்களின் கையிலுள்ள கருவிக்கு இசைவாணை என்று பெயர். ஆலை வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'கன்சென்ட்' என்பார்கள். கட்டடம் எழுப்புவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவு, உற்பத்தி தொடங்குவதற்கு முன் இயக்குவதற்கான இசைவு. பின்னதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு தயாரிக்கலாம், எவ்வளவு கழிவுநீர் வரலாம், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆலைகளுக்கு நிறமும் உண்டு. மத்திய வாரியம் 2016-இல் வகுத்த முறைப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் 100-க்கு ஒரு மாசு மதிப்பெண் போட்டு, 60-உம் அதற்கு மேலும் வாங்கியதைச் சிவப்பு என்றும் அடுத்தடுத்துக் குறைந்தவற்றை ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றும் பிரித்தார்கள். காற்றில் கலப்பது, நீரில் கலப்பது, அபாயக் கழிவு, செலவாகும் வளம் ஆகியவற்றைக் கொண்டு இந்த மதிப்பெண் போடப்பட்டது. ஆலை ஒழுங்காக ஓடும் நாளில் என்ன வெளியே வரும் என்பதைக் கணக்கிடுவதற்கு இது நல்ல முறை. ஒழுங்கு கெடும் நாளுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

அந்த நாள் எப்படியிருக்கும் என்பதை 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபால் கண்டது. யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அதில் தண்ணீர் கலந்து, வெப்பம் ஏறி, வாயு பீறிட்டது. குளிர்விக்கும் அலகு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றிக் கிடந்தது. இதெல்லாம் சுவருக்கு உள்ளே நடந்த கதை. சுவரைத் தாண்டியதும் வாயு ஜே.பி. நகரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களிடம் போனது. அரசின் முதல் கணக்கில் இறந்தவர்கள் 2,259 பேர். பிற்காலக் கணக்குகள் எல்லாம் அதைவிட மிகப் பெரியவை. மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு என்ன வைத்தியம் செய்வது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. வந்தது என்ன வாயு என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், ஓட வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆலையைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் அன்றைக்கு இல்லை.

ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் கசிந்தது. அந்த வழக்கில்தான் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு எந்த விலக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சொன்னது. இயற்கைச் சீற்றம், அந்நியன் செயல் என்று தப்பிக்க 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சட்டம் விட்டுவைத்திருந்த கதவுகளை இந்திய நீதிமன்றம் சாத்தியது. சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பை உருப்போடுகிறார்கள். ஆனால் அது விபத்துக்குப் பிறகு யார் பணம் தருவது என்பதைத்தான் தீர்த்தது.

விபத்துக்கு முன் செய்ய வேண்டியதைப் பேசியது 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு வந்த திருத்தம். புதிதாக ஓர் அத்தியாயமே சேர்ந்தது. 41ஏ பிரிவின்படி, அபாயகரமான ஆலை ஒன்று வருமுன் அதன் இடத்தை ஆராய ஒரு குழு உட்கார வேண்டியிருந்தது. தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர், மாசு வாரியத்தார், வானிலைத் துறையார், நகரமைப்புத் துறையார் எல்லாரும் அதில் இருந்தார்கள். 41பி பிரிவு, ஆலையில் என்ன அபாயம் இருக்கிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றிலும் வாழும் மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது. 41எச் பிரிவு, ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. 1989-இல் அபாய இரசாயனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆலைக்கு உள்ளே நடக்கும் அவசரத்துக்கு ஆலைக்காரர் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். சுவருக்கு வெளியே நடப்பதற்கு மாவட்ட நிர்வாகம் திட்டம் வகுத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும்.

சுவரைத் தாண்டிச் சிந்தித்த சட்டங்கள் இவை, சந்தேகமில்லை. குறைந்தபட்சம் எழுதியவர்கள் போபாலை மறக்கவில்லை. ஆனால் இரண்டு குறைகள் அவற்றிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன.

முதலாவது, எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்காரும் அந்த 41ஏ குழு ஆலை பிறக்கும் முன்னும் அதை விரிவாக்கும் முன்னும் மட்டுமே கூடியது. ஆலை பிறந்த பிறகு ஊர் வளர்வதை அது பார்க்கவில்லை. ஆலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வீடு வரும், சுவரை ஒட்டித்தான் நிலம் மலிவாகக் கிடைக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பது. இருபது வருடத்துக்கு முன் வெட்டவெளியைப் பார்த்துத் தந்த அனுமதி இன்றைக்கு நாலு தெருவுக்கு நடுவில் நிற்கும்.

இரண்டாவது, 1989 விதிகளின் ஐந்தாம் அட்டவணை. எந்த விதியை யார் நடைமுறைப்படுத்துவது என்று அதில் எழுதியிருக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர், மாசு வாரியம், வெடிபொருள் கட்டுப்பாட்டாளர், சுரங்க ஆய்வாளர், துறைமுகப் பாதுகாப்பு ஆய்வாளர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மாவட்ட ஆட்சியர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொருவரின் நிபுணத்துவமும் வேறு. ஆகையால் பிரித்துக் கொடுத்ததில் நியாயம் உண்டு. சேர்த்து வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதுதான் அட்டவணையில் இல்லை.

இதே சிக்கலை ஐரோப்பா வேறு விதமாகக் கையாண்டது. 1976 ஜூலை 10 அன்று இத்தாலியில் மிலான் அருகே ஓர் இரசாயன ஆலையிலிருந்து டயாக்சின் வெளியேறி செவெசோ என்ற ஊரின் மேல் படிந்தது. 1982-இல் வந்த ஐரோப்பிய நெறிமுறைக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. போபாலுக்குப் பின் அது இறுகியது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மெத்தில் ஐசோசயனேட்டுக்கு வைத்த வரம்பு 150 கிலோ. போபாலின் ஒரு தொட்டியில் இருந்த 40 டன்னை இதனோடு வைத்துப் பார்க்கலாம். என் கணக்கில் அந்தப் பதிப்பு செய்த பெரிய காரியம் வேறு: நிலப் பயன்பாட்டை உள்ளே கொண்டுவந்தது. அபாய ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையிலான தூரத்தை நீண்டகால நோக்கில் காப்பது அரசின் கடமை ஆயிற்று. பிரிட்டனில் அத்தகைய ஆலையைச் சுற்றி வரைந்த வட்டத்துக்குள் வீடு கட்ட உள்ளாட்சி அமைப்பு அனுமதி தருமுன் தொழில் பாதுகாப்புத் துறையின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே 1999-இல் வந்த விதிகள், அந்தத் துறையும் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்தே ஓர் அதிகாரி என்று சொல்லிவிட்டன. ஆலை தரும் பாதுகாப்பு அறிக்கையை இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே விபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது, அது அவர் வேலை என்று சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கம் திரும்பினால் விசாகப்பட்டினம். 2020 மே 7 அதிகாலை, கொரோனா ஊரடங்கு தளர்ந்து ஆலையைத் திரும்பத் தொடங்கும் நேரத்தில், ஆர்.ஆர். வெங்கடாபுரத்திலுள்ள எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பியது. 12 பேர் இறந்தார்கள். சும்மா கிடந்தாலும் ஸ்டைரீன் தன்னைத்தானே பிணைத்துக்கொண்டு சூடேறும். அதைத் தடுக்க ஒரு தடுப்பான் கலந்து குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஊரடங்குக் காலத்தில் அந்தக் கவனிப்பு தவறியது. இது தொழிற்சாலை ஆய்வாளரின் எல்லை. அந்த ஆலை செல்லுபடியாகும் மத்தியச் சூழல் அனுமதி இல்லாமலே ஓடிவந்ததை நிறுவனமே 2019-இல் கொடுத்த வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. மாநில வாரியத்தின் இசைவாணையோ புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. இது சூழல் துறைகளின் எல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஆலை எழுந்தபோது அக்கம்பக்கத்தில் அதிகம் ஆளில்லை. 2020-இல் சுவரை ஒட்டியே தெருக்கள். இது யாருடைய எல்லையும் இல்லை.

மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழுவின் அறிக்கையில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் பொத்தான்கள் ஆலைக்குள் 36 இடங்களில் இருந்தன. வாசலிலேயே ஒன்று இருந்தது. அன்றைக்கு ஒன்றைக்கூட யாரும் அழுத்தவில்லை. ஒரு பரிசோதகர் வந்து சங்கு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று படிவத்தில் குறி போட்டிருக்கலாம். அழுத்த வேண்டியவருக்கு, நிர்வாகம் என்ன சொல்லுமோ என்ற தயக்கம் இல்லாமல் அழுத்தும் துணிவு இருக்கிறதா என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. 41எச் பிரிவு தந்த உரிமை பொத்தான் வரை போய்ச் சேரவில்லை.

இழப்பீட்டு விஷயம் இன்னும் விசித்திரம். போபாலுக்குப் பின் 1991-இல் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆலை விபத்தில் வெளியார் இறந்தால் குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே உடனடி நிவாரணம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நல்லெண்ணம். தொகை 25,000 ரூபாய். விசாகப்பட்டினம் விபத்து நடந்தபோதும் சட்டப்படி அதே 25,000-தான். ஆந்திர அரசு இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு கோடி அறிவித்தது. சட்டம் சொன்னதற்கும் அரசு தன் விருப்பப்படி கொடுத்ததற்கும் இடையே 400 மடங்கு. உரிமையாக வர வேண்டியது கருணையாக வந்தால், அடுத்த விபத்தில் அது வருமா என்பது ஊடக வெளிச்சத்தைப் பொறுத்தது.

சிவகாசிப் பக்கம் போனால் சுவர் ஒன்றல்ல, பல. பட்டாசு ஆலைக்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் உண்டு. அளவைப் பொறுத்து அனுமதி தரும் இடம் மாறும். அங்கே ஆலையைச் சொல்வதே 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்றுதான். இதற்கு மேல் தொழிற்சாலை ஆய்வாளர், மாசு வாரியம், தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை. அறைக்கு இத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, மருந்து இவ்வளவுக்கு மேல் சேரக்கூடாது என்று விதி துல்லியமாகப் பேசும். உரிமதாரர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுவிட்டால், அந்தத் துல்லியம் எல்லாம் யார் பெயரில் நிற்கும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். ஆய்வில் கண்ட மீறல்களுக்காக அதன் உரிமம் விபத்துக்குச் சற்று முன்புதான் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர் போயிருக்கிறார், தவறைப் பிடித்திருக்கிறார், தாள் எழுதியிருக்கிறார். ஆலை ஓடியது. இறந்தவர்களில் பலர் தொழிலாளர்களே அல்லர். புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். சுவருக்கு உள்ளேயிருந்து வெளியே வந்த அபாயத்தைத்தான் நாம் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே வெளியே இருந்தவர்கள் அபாயத்துக்குள் நடந்து போனார்கள். அருகே போகாதீர்கள், இரண்டாவது வெடிப்பு வரும் என்று ஊருக்குச் சொல்லித்தர வேண்டியது யார்? 41பி பிரிவு இருந்ததே என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அண்மைக் காலத்தில் சட்டத்தின் போக்கு வேறு திசையில் போகிறது. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. 2024-இல் நீர்ச் சட்டமும் அவ்வழியே போனது. சிறைக்குப் போன ஆலை முதலாளிகள் அரிது என்பதால் இதனால் பெரிய நட்டம் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. போபால் வழக்கில்கூட 2010-இல்தான் தண்டனை வந்தது, அதுவும் இரண்டு ஆண்டு. ஆனாலும் பெரிய ஆலைக்கு 15 லட்சம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி.

தொழிலாளர் பக்கம், 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1948 சட்டம் அதற்குள் கரைந்தது. மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆனது. ஆய்வாளரின் பதவிப் பெயரோடு வசதியாளர் என்பதும் சேர்ந்தது. எந்த ஆலைக்கு யார் ஆய்வுக்குப் போவது என்பதைக் கணினி தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வழி செய்திருக்கிறார்கள். கையூட்டைக் குறைக்க இது உதவலாம். ஒரு வட்டாரத்தை வருடக்கணக்கில் சுற்றி, எந்த ஆலையில் எந்த வால்வு கசியும் என்று தெரிந்துவைத்திருக்கும் ஆய்வாளர் உருவாக இது உதவாது. இடம் ஆராயும் குழுவும் மக்களுக்குத் தகவல் சொல்லும் கடமையும் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. அவற்றைச் சூழல் சட்டங்களோடு கட்டிப்போடும் கயிறு இதிலும் இல்லை.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் குழாய் கடலுக்கு அடியில் போகிறது. அது கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர்ச் சேதம் இல்லை. அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில், குழாயைச் சுற்றிப் போட்டிருந்த பாறைகள் நகர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்த குழு சொன்னது. கசிந்த இடம் ஆலைச் சுவருக்குள்ளும் இல்லை, ஊருக்குள்ளும் இல்லை, கடலடியில். தொழிற்சாலை ஆய்வாளர் கடலுக்குள் இறங்க மாட்டார். மாசு வாரியத்தின் அன்றாட அளவீடு அங்கே ஓடும் அம்மோனியாவைத் தொடாது. புயல் வரப்போவதை வானிலைத் துறை முன்பே அறிவித்திருந்தது. புயல் கடந்த பிறகு அந்தக் குழாயைப் பரிசோதிக்காமல் அம்மோனியா ஏற்றக்கூடாது என்று சொல்ல வேண்டிய அலுவலகம் எது என்பது தெளிவாக இல்லை.

மாசு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது, 5.92 கோடி ரூபாய் சூழல் இழப்பீடு கேட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2024 மே மாதம், ஆலையைத் திரும்பத் திறக்குமுன் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடமும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. கடலுக்குப் பொறுப்பானவரையும் ஆலைக்குப் பொறுப்பானவரையும் ஒரே உத்தரவில் சேர்த்தது ஒரு சட்டமோ விதியோ அல்ல. விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்து ஒரு தீர்ப்பாயம் அதைச் செய்தது, அந்த ஓர் ஆலைக்கு மட்டும்.